இடைவேளையில் ஆறிப்போகும் உடல்: 15 நிமிடத்தில் என்ன செய்யலாம்?

கேட்டவர்: எல்லைக்கோடு

பதினேழு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி ஒன்றுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். முதல் பாதியில் பந்துக்கு முந்திக்கொண்டு ஓடும் பிள்ளைகளே, இடைவேளை முடிந்து வந்த முதல் பத்து நிமிடங்களில் ஒவ்வொரு பந்துக்கும் ஓரடி பிந்துகிறார்கள். சென்ற ஆட்டத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவர், இரண்டாம் பாதியின் முதல் நெடும்பந்தைத் துரத்தி நாலெட்டு ஓடியதும் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம் முறையாக வார்ம்-அப் செய்கிறோம். விதிப்படி கிடைக்கும் 15 நிமிட இடைவேளையில் அது அத்தனையும் கரைந்துவிடுமா? கரையுமென்றால், தண்ணீர் குடிக்கவும் நான் பேசவுமே போதாத அந்த நேரத்தில் வேறென்ன செய்ய முடியும்?

பதில்: தசைநார்

உங்கள் கண் தவறவில்லை. ஓய்வில் 36 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும் தொடைத் தசை, ஆட்டத்தின்போது 39 டிகிரியைக்கூடத் தொடும். சூடான தசையில் வேதிவினைகளும் நரம்பு வழிச் செய்தியும் விரைவாக நடப்பதால் அது வேகமாகச் சுருங்குகிறது. 1 டிகிரி இறங்கினால் உச்ச ஆற்றலில் ஏறத்தாழ 4 சதவீதம் போகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அசைவின் வேகம் கூடக்கூட இந்த இழப்பும் கூடும் என்பதால், மெதுவோட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத குறை ஸ்பிரிண்டில் அப்பட்டமாகத் தெரிகிறது.

2004இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்று நீங்கள் கேட்டதையே சோதித்தது. இடைவேளையில் சும்மா உட்கார்ந்திருந்த வீரர்களின் தசைச் சூடு ஏறத்தாழ 2 டிகிரி இறங்கியது. இரண்டாம் பாதித் தொடக்கத்தில் அவர்களுடைய ஸ்பிரிண்ட் 2.4 சதவீதம் மந்தப்பட்டது. இடைவேளையின் பிற்பகுதியில் 7 நிமிடம் மிதமாக ஓடியவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை. 2.4 சதவீதம் சிறிய எண்தான். ஆனால் 30 மீட்டர் ஓட்டத்தில் அது முக்கால் மீட்டரை நெருங்கும், நீங்கள் சொன்ன ‘ஓரடி’ அதற்குள் அடங்கிவிடும்.

ஆகவே பேச்சை முன்னே தள்ளுங்கள், அசைவைக் கடைசியில் வையுங்கள். கடைசி 4, 5 நிமிடங்கள் மெதுவோட்டம், பக்கவாட்டு நகர்வு, இரண்டு மூன்று குறுகிய வேக ஓட்டங்கள் என்று போனாலே பெரும்பகுதி மீண்டுவிடும். உட்கார்ந்து கால் நீட்டிப் பிடித்துக்கொள்ளும் நீட்சிப் பயிற்சிக்கு இங்கே வேலையில்லை. தடுப்பாட்டக்காரரின் பின்தொடை இதனால்தான் போயிற்று என்று ஒரு நிகழ்வை வைத்து நான் சொல்லமாட்டேன்.

பதில்: பழைய விங்கர்

உடையைப் பற்றி யாரும் பேசவில்லையே! வியர்வையில் ஊறிய ஜெர்சியோடு காற்றாட உட்கார்ந்தால், ஈரம் ஆவியாகும்போதெல்லாம் உடற்சூட்டையும் எடுத்துக்கொண்டே போகும். குளிர் நாளில் உள்ளே வந்ததும் உலர்ந்த ஜெர்சி, அதன்மேல் ஜாக்கெட், காலுக்கு டிராக்சூட் என்று மாற்றச் சொல்லுங்கள். டிராக்சூட் வாங்கும்போது கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஜிப் உள்ளதாகப் பாருங்கள். இல்லையென்றால் பூட்ஸைக் கழற்றி மாட்டவே இரண்டு நிமிடம் போய்விடும் என்று சலித்துக்கொண்டு யாரும் போடமாட்டார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் சைக்கிள் அணியினர் பந்தயங்களுக்கு இடையே பேட்டரியால் சூடேறும் கால்சட்டை அணிந்து காத்திருந்தது இதே காரணத்துக்காகத்தான். நமக்கு ஒரு கம்பளி போதும்.

மாற்று வீரர்களையும் மறந்துவிடாதீர்கள். ஆட்டத்துக்கு முன் வார்ம்-அப் செய்துவிட்டு ஒரு மணி நேரம் பெஞ்சில் உறைந்திருந்தவரை 70ஆம் நிமிடத்தில் எழுப்பி ‘போ’ என்றால், பாவம், அவர் என்ன செய்வார்?

பதில்: நீள்ஓட்டம்

ஒரு மறுப்பு. மேற்சொன்னவை மிதமான, குளிர்ந்த நாளுக்குப் பொருந்தும். கடும் வெயிலில் 45 நிமிடம் ஓடி முடித்தவரின் உள்ளுடல் வெப்பமே 39 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அவருக்கு ஜாக்கெட் மாட்டுவது ஆபத்து. தசை சூடாக இருக்க வேண்டும், உள்ளுடல் கொதிக்கக் கூடாது; இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் நிழல், குளிர்ந்த நீர், கழுத்திலும் தலையிலும் ஈரத்துணி என்று மேலுடலைத் தணித்துவிட்டு, தொடையை மட்டும் விட்டுவிடுங்கள். தொடையில் ஐஸ் ஒத்தடம் கொடுத்த கையோடு வேக ஓட்டத்துக்கு அனுப்பும் வழக்கத்தை இன்னும் பார்க்கிறேன். வேகத்தைக் குறைக்க அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. கடைசி அசைவுப் பயிற்சியையும் அன்று இரண்டு மூன்று நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

எல்லைக்கோடு

அனைவருக்கும் நன்றி. நேற்றைய ஆட்டத்தில் முதல் இரண்டு நிமிடம் அவர்களைத் தனியே விட்டு, ஐந்து நிமிடம் மட்டும் பேசி, பத்தாம் நிமிடத்தில் வெளியே அனுப்பினேன். முன்வரிசை ஆட்டக்காரர்கள் இருவர் ‘இருக்கிற தெம்பும் போய்விடும்’ என்று முணுமுணுத்தார்கள். ஓடிக்கொண்டே பேச முடிகிற வேகம் போதும் என்று சொல்லி, கடைசியில் மட்டும் இரண்டு வேக ஓட்டம் வைத்தேன். கோல்கீப்பருக்கும் இதே முறைதானா?

தசைநார்

அவருக்கு ஓட்டத்தைக் குறைத்து, குறுக்கடி நகர்வு, சில தாவல்கள், கையில் பிடிக்கும்படி பத்துப் பந்து என்று கொடுங்கள். பந்து எதிர்ப்பக்கமே இருக்கும் ஆட்டமானால் அவர் முதல் பாதியிலேயே ஆறிப்போயிருப்பார். ஆட்டத்தின் நடுவிலும் கோல் எல்லைக்குள் நகர்ந்துகொண்டே இருக்கச் சொல்லுங்கள்.