வெள்ளிக்கிழமை விசாரணை: உடனடி உதவி தேவை

கிடங்குக்காரி (திங்கள் இரவு)

அன்புடையீர், வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 11 ஆண்டுகள் வேலை பார்த்த இடத்தில் நான் எடுக்காத சரக்குக்கு என்மேல் பழி சுமத்தியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை விசாரணை. வழக்கறிஞரை அழைத்துச் செல்லலாமா, என்னென்ன காகிதங்கள் வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

துறைமுகத்தான்

அம்மா, எந்த விசாரணை? நிறுவனத்துக்குள் நடக்கும் ஒழுங்கு விசாரணையா, வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.யில் நடப்பதா? உங்களை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்களா, இன்னும் வேலையில் இருக்கிறீர்களா? இந்த இரண்டும் தெரியாமல் எதைச் சொன்னாலும் தவறாகிவிடும்.

சட்டப்பிரியன்

இந்தப் பகுதியில் பல ஆண்டுகளாகப் பதில் எழுதி வருகிறேன். நாள், துறை, அறிவிப்பு அனுப்பியது யார் என்ற மூன்றையும் சொல்லாமல் கேட்பவர்களுக்கு யாராலும் உதவ முடியாது என்று எத்தனை முறை எழுதுவது? நியாயமற்ற பணிநீக்க முறையீட்டை நீக்கப்பட்ட 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் காரணம் காட்டித் தாமத மன்னிப்புக் கோர வேண்டும். அந்த அடிப்படையைக்கூடப் பாராமல் வழக்கறிஞரைப் பற்றிக் கேட்பது முறையல்ல. ஆடைத் தொழிற்சாலையோ சரக்கு லாரி நிறுவனமோ என்றால் வழக்கு சி.சி.எம்.ஏ.க்கே வராது, முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமைத்த அந்தத் துறையின் பேரப்பேச்சு மன்றத்துக்குத்தான் போகும்.

சாட்ஸ்வொர்த் அக்கா

தம்பி, அந்தப் பெண் பதறிப்போய் எழுதியிருக்கிறாள், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே. தங்கச்சி, என் அனுபவத்தில் சொல்கிறேன்: சமரசம்தான் நல்லது. என் கணவரின் வழக்கு சமரசப் பேச்சிலேயே ஐந்து மாதச் சம்பளத்தோடு முடிந்தது. அவர்கள் ஒரு தொகை சொன்னால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வந்துவிடு.

கிடங்குக்காரி (செவ்வாய் காலை)

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். மசாலா மொத்த வியாபாரக் கிடங்கு. இருப்புக் கணக்கு என் பொறுப்பு. ஏலக்காய்ப் பெட்டிகள் குறைந்ததாகச் சொல்லி நீக்கினார்கள். நீக்கப்பட்ட 22ஆம் நாளே சி.சி.எம்.ஏ.யில் படிவம் கொடுத்துவிட்டேன். அறிவிப்பில் "கான்-ஆர்ப்" என்று இருக்கிறது. அது பேச்சுவார்த்தைதானே? கிடங்குச் சாவி மூன்று பேரிடம் இருந்தது, நீக்கப்பட்டது நான் மட்டும். தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி வந்தவள் நான். ஆங்கிலம் பேசுவேன், ஆனால் மனம் கலங்கினால் சொல் வராது.

பழைய ஷாப் ஸ்டூவர்ட்

அம்மா, அறிவிப்பில் உள்ள அந்த ஒரு சொல்தான் இங்கே முக்கியம். கான்-ஆர்ப் என்றால் வெறும் பேச்சுவார்த்தை அல்ல. காலையில் சமரசம் பேசுவார்கள். அது முறிந்தால் அன்றே, அதே அறையில், சாட்சிகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் விசாரணை தொடங்கிவிடும். பேசிவிட்டு வரலாம் என்று வெறுங்கையோடு போய், பிற்பகலில் சாட்சி எங்கே என்று விசாரணை நடத்தும் ஆணையர் கேட்டபோது விழித்தவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த முறைக்கு மறுப்புச் சொல்வதானால் 7 நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆகவே முழு விசாரணைக்கும் தயாராகவே போங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், முறையீட்டாளர் வரவில்லையென்றால் வழக்கையே தள்ளிவிடலாம்.

சமரசப் பேச்சில் வழக்கறிஞருக்கு இடமில்லை. நடத்தைக் குற்றத்துக்காக நீக்கப்பட்ட வழக்கின் நடுவர் விசாரணையிலும் ஆணையர் அனுமதித்தால்தான் அவர் பேச முடியும். நீங்கள் உறுப்பினராக இருந்தால் தொழிற்சங்க அலுவலர் வரலாம். பணம் கேட்கும் "தொழிலாளர் ஆலோசகர்" யாரையும் நம்பாதீர்கள், அவருக்கு அங்கே பேச உரிமையில்லை.

உங்களை நீக்கினார்கள் என்பதை அவர்கள் மறுக்கவில்லையென்றால், நீக்கியது நியாயம் என்று நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய சாட்சி பேசி முடித்ததும் நீங்கள் குறுக்கு விசாரணை செய்யலாம். அப்போது உங்கள் தரப்புக் கதையை அந்தச் சாட்சியின் முகத்துக்கு நேரே வையுங்கள். "சாவி மூன்று பேரிடம் இருந்தது உண்மையா? மற்ற இருவரையும் ஏன் விசாரிக்கவில்லை?" என்று கேளுங்கள். அங்கே கேட்காமல் பிறகு நீங்கள் பேசும்போது மட்டும் சொன்னால் அதன் வலு குறைந்துவிடும். ஒரே தவற்றுக்கு ஒருவரை மட்டும் தண்டிப்பது நியாயமா என்பதும் ஆணையர் பார்க்க வேண்டியதே. 11 ஆண்டு குறையற்ற பணியையும் மறக்காமல் சொல்லுங்கள். சுரங்கக் காவலர் சிடுமோவின் பணிநீக்க வழக்கில் 2007இல் அரசமைப்பு நீதிமன்றம், தண்டனை நியாயமா என்பதை முதலாளியின் கண்ணால் அல்ல, ஆணையரே எல்லாவற்றையும் எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும் என்றது.

இருப்புப் பதிவேட்டின் பக்கங்கள், நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றுக்குப் பக்க எண் போட்டு நான்கு நகல் எடுங்கள்: ஆணையருக்கு, எதிர்த்தரப்புக்கு, சாட்சிக்கு, உங்களுக்கு. சாட்சி எழுதிக் கொடுத்த கடிதம் போதாது, ஆளே வர வேண்டும். சாவி மற்றவர்களிடமும் இருந்ததை யாராவது பார்த்திருக்கிறார்களா?

துறைமுகத்தான்

ஸ்டூவர்ட் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டாயம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவிலேயே தமிழின் பெயர் இருக்கிறது.

சட்டப்பிரியன்

பெயர் இருப்பது வேறு, ஆட்சிமொழியாக இருப்பது வேறு. 2023இல் சைகை மொழி சேர்ந்தபின் ஆட்சிமொழிகள் 12. அவற்றில் தமிழ் இல்லை. குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு தமிழும், மொழி வாரியம் வளர்த்து மதிக்கச் செய்ய வேண்டிய மொழிகளின் பட்டியலில்தான் இருக்கிறது. படித்துவிட்டு எழுதுங்கள்.

துறைமுகத்தான்

மதிக்கச் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தால், ஒரு பெண் தன் வாழ்வாதாரத்துக்காகப் பேசும் அறையில்தான் அந்த மதிப்பு முதலில் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து இங்கே கரும்புத் தோட்டத்துக்கு 1860இல் வந்தவர்களின் மொழி இது. கேட்பதில் என்ன பிழை?

பழைய ஷாப் ஸ்டூவர்ட்

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் இது தீராது. அம்மா, இன்றே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், மின்னஞ்சலும் அனுப்பி அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நடந்தவற்றை நாள்வாரியாக ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையில் வைத்திருங்கள். சொல் வராதபோது அதைப் பார்த்து மூச்சு வாங்கிப் பேசலாம்.

சாட்ஸ்வொர்த் அக்கா

சமரசத்தை மறந்துவிடாதே தங்கச்சி. அங்கே பேசுவது வெளியே போகாது, பின்னால் உனக்கு எதிராகவும் எடுக்க முடியாது.

பழைய ஷாப் ஸ்டூவர்ட்

உண்மைதான் அக்கா. ஆனால் இழப்பீடு 12 மாதச் சம்பளம்வரை போகலாம், வேலையைத் திரும்பவும் கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு பேசட்டும். தனக்கு வேலை வேண்டுமா, பணம் வேண்டுமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

கிடங்குக்காரி (சனி இரவு)

எல்லோருக்கும் நன்றி. சமரசத்தில் இரண்டு மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள், எனக்கு வேலைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். உடனே விசாரணை தொடங்கி மாலை நான்கு மணிவரை நடந்தது. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, தமிழில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு பேசினேன். இரவுக் காவலர் தாமாகவே வந்து சாவியைப் பற்றிச் சொன்னார். தீர்ப்பு 14 நாட்களுக்குள் வரும் என்று ஆணையர் கூறினார்.

துறைமுகத்தான்

அந்தக் காவலர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாரா அம்மா? சாட்சி சொன்னதற்காக அவருக்கு ஏதாவது தொல்லை வந்தால் உடனே இங்கே எழுதுங்கள்.