முன்பணம் கொடுப்பது அக்கறையா, கட்டிப்போடுவதா?

ரப்பர்க்கடை, குலசேகரம்:
வேலையாட்களையும் வாடிக்கையாளர்களையும் நம்மிடம் நிலைக்க வைப்பது கூலியும் விலையும் மட்டுமே என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. எங்கள் கடைக்கு ஷீட், அதாவது ரப்பர் பாலை உறையவைத்து ரோலரில் தகடாக்கிப் புகையில் உலர்த்தியது, கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். எங்களிடம் தரம் பிரிக்கும் பெரியவர் ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். நன்றாக உலர்ந்த ஷீட் தேன் நிறத்தில் ஒளிவிடும். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் வெள்ளைத் திட்டுகள் தெரியும். ஈரம் என்ற ஒரே சொல்லோடு எடையைக் கழித்துக்கொள்வதுதான் பல இடங்களில் வழக்கம். இவரோ கொண்டுவந்தவரைப் பக்கத்தில் அழைத்து, திட்டு எங்கே இருக்கிறது, ரோலரில் தடிமனாகப் போய்விட்டதா, இன்னும் எத்தனை நாள் புகையில் கிடக்க வேண்டும் என்றெல்லாம் காட்டிக்கொடுத்து, வேண்டுமானால் திரும்ப எடுத்துப்போய் உலர்த்திக் கொண்டுவாருங்கள் என்பார். அன்றைக்கு எங்களுக்குச் சரக்கு குறையும். ஆனால் அப்படித் திரும்பிப் போனவர்கள் வேறு கடை தேடிப் போனதில்லை.

அவருடைய மனைவி ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையில் இருந்த நாள்களில் வராத நாள்களுக்கு நான் கூலியைக் கழிக்கவில்லை. தை, மாசியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து, பட்டையை வெட்டிப் பால் எடுக்கும் பால்வெட்டு நிற்கும்போது விவசாயிகளுக்கு வட்டியில்லாமல் முன்பணமும் கொடுக்கிறேன். என்னிடம் கண்ட நேர்மையைத்தான் அந்தப் பெரியவர் கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுகிறார் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஓர் ஏக்கர், பேச்சிப்பாறை:
அண்ணாச்சி, அந்தப் பெரியவரைப் பற்றி நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். முன்பணத்தைப் பற்றி எழுதியதை ஏற்க முடியவில்லை. நாங்களும் வேறொரு கடையில் மாசி மாதத்தில் வட்டியில்லாப் பணம் வாங்குகிறவர்கள்தான். மீண்டும் வெட்டு தொடங்கியபின், பக்கத்துக் கடையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று தெரிந்தாலும் ஷீட்டை அங்கே கொண்டுபோக என் அப்பாவுக்கு மனம் வருவதில்லை. யாரும் அவரைத் தடுப்பதில்லை. வாங்கிய பணம் தடுக்கிறது. ரப்பர் வாரியம் வெளியிடும் கோட்டயம் சந்தை விலை தினமும் எங்கள் கைப்பேசியில் இருக்கிறது, ஆனாலும் நம் கடையில் ஏன் இவ்வளவு குறைகிறது என்று கேட்கும் தைரியத்தை அந்த மாசி மாதமே எடுத்துக்கொண்டுவிடுகிறது. வட்டி இல்லை என்று சொல்லும் கடைக்காரர் அதை விலையில் வாங்கிக்கொள்கிறார். அவர் நல்லவராக இருக்கலாம். கேள்வி கேட்க முடியாத இடத்தில் ஒருவரை நிறுத்திவைக்கும் நன்மையை அக்கறை என்று அழைக்க என்னால் முடியாது.

ஜவுளிக்கடை, நாகர்கோவில்:
விற்பனைப் பிரிவில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவள் நான். பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018இல் சட்டம் திருத்தப்பட்டது, தமிழ்நாட்டில் 2021இல். அதுவரை, எங்களைக் குடும்பம் என்று அழைத்த எந்த முதலாளிக்கும் எங்கள் கால் வலி தெரியவில்லை. ஆகவே பேச்சிப்பாறைச் சகோதரியின் பக்கம்தான் நான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் ஸ்டூல் வந்துவிட்டது, ஆனால் மேற்பார்வையாளர் பார்க்கிற பார்வையில் யாரும் அதில் உட்காருவதில்லை. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த ஓர் அம்மா, "நீ உட்காரும்மா, நானே விரித்துப் பார்க்கிறேன்" என்றபோதுதான் முதன்முறையாக உட்கார்ந்தேன். அன்றைக்கு அவருக்கு எது பொருந்தும், எது சாயம் போகும் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

ரப்பர்க்கடை, குலசேகரம்:
சட்டம் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஷீட்டை வெளிச்சத்தில் காட்டி விளக்கு என்று எந்தச் சட்டமும் அந்தப் பெரியவருக்குச் சொல்லாது. அந்த ஸ்டூலில் உட்கார வைத்ததும் ஒரு மனிதருடைய கரிசனம்தானே? முன்பணத்தைப் பொறுத்தவரை, நிலுவை இருக்கும்போதே வேறு கடையில் விற்றவர்கள் என்னிடம் உண்டு. அடுத்த மாசியில் அவர்களுக்கும் கொடுத்தேன்.

ஓர் ஏக்கர், பேச்சிப்பாறை:
அது உங்களுக்குத் தெரியும், அண்ணாச்சி. பணம் வாங்க வந்து நிற்பவருக்குத் தெரியுமா? கடை வாசலில் பலகை இருக்கும் அல்லவா, அதில் அன்றைய கோட்டயம் விலையையும் உங்கள் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "முன்பணம் வாங்கியவர்கள் ஷீட்டை எங்கும் விற்கலாம்" என்று கீழே ஒரு வரி சேருங்கள். அதைப் படித்த பிறகும் என் அப்பாவைப் போன்றவர்கள் உங்களிடமே வந்தால், நீங்கள் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ரப்பர்க்கடை, குலசேகரம்:
இரண்டு விலையையும் நாளை முதல் எழுதுகிறேன், அதில் எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி வரிக்குத்தான் தயங்குகிறேன். அதைப் பார்த்து நான்கு கடையில் முன்பணம் வாங்குகிறவர்களும் வருவார்கள். அப்படி இரண்டு பேர் பணத்தைத் திருப்பாமல் போனால், அடுத்த மாசியில் உண்மையாகவே அடுப்பெரியாத வீட்டுக்குக் கொடுக்க என் கையில் பணம் இருக்காது. இதற்கு உங்களிடம் வழி இருந்தால் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.