புதுப்பிப்பு: தாத்தாவின் அச்சகம் தொடங்கிய காலம் ஓரளவு தெரிந்துவிட்டது

தாத்தா காலால் மிதித்து ஓட்டும் ஒரே ஒரு டிரெடில் அச்சு மெஷினை வைத்து நடத்திய அச்சகம் எப்போது தொடங்கியது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

லைசென்ஸ் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது வீண். பலித்தது, "கல்யாணப் பத்திரிகையின் அடிவரியைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான். அத்தையின் பீரோவில், மூலையில் மஞ்சள் காய்ந்த ஒரு பத்திரிகை. கீழே எறும்பு எழுத்தில் அச்சகத்தின் பெயர். தேதி என்று பார்த்தால் 'விளம்பி வருஷம் தை மாதம்' மட்டும். விளம்பி 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். முந்தைய விளம்பி 1898-99; அப்போது தாத்தா பிறக்கவேயில்லை. அடுத்த விளம்பி 1958-59, அதன் தை மாதம் ஜனவரியில் பிறக்கும். ஆக, பத்திரிகை அச்சானது 1959இன் தொடக்கத்தில்; அச்சகம் அதற்குள் இருந்திருக்கிறது.

அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகம். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான புத்தகங்களை அரசு காலாண்டுப் பட்டியலாக வெளியிட்டது. அச்சிட்டவர் பெயர், பிரதி எண்ணிக்கை, விலை வரை அதில் இருக்கும். எங்கள் அச்சகத்தின் ஒரு கும்மிப் பாட்டுப் புத்தகம் அகப்பட்டது. அச்சிட்டவர் என்ற இடத்தில் பாட்டியின் பெயர்! தாத்தா அப்போது இன்னொரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராம். அதனால்தான் என்கிறார் அத்தை.

ஒன்று மட்டும். யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்பு போட்ட பழைய 'லை', 'னை' இருந்தால், எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978க்கு முந்தையது என்று சிலர் சொன்னீர்கள். நம்ப வேண்டாம். எங்களிடம் உள்ள 1983 கல்யாணப் பத்திரிகையிலும் அதே எழுத்துதான். புது ஈய எழுத்து வாங்கக் காசு வேண்டுமே!