நடுராத்திரியில் பம்ப் இணைப்பு அறுகிறது, உதவுங்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 11 வயது, டைப் 1 சர்க்கரை நோய். சர்க்கரை அளவைப் பார்த்து இன்சுலின் பம்பைத் தானாக இயக்கும் ஆண்ட்ராய்டு ஏபிஎஸ் ஆப் (இதைத்தான் லூப் என்கிறோம்) நானே பில்ட் செய்தது. டானா ஆர்எஸ் பம்ப், லிப்ரே 2 சர்க்கரை சென்சார், அதன் அளவைப் போனில் வாங்கித் தரும் எக்ஸ்ட்ரிப் ஆப். எட்டு மாதம், கரண்ட் போன இரவுகளிலும் ஓடியது. லூப்புக்கு நெட் வேண்டாமே!

மூன்று வாரத்துக்கு முன் போன் மாற்றினோம், ஆண்ட்ராய்டு 14. அதிலிருந்து இரவு இரண்டு மணிவாக்கில் பம்ப் இணைப்பு மட்டும் அறுகிறது. சென்சார் அளவு வருகிறது. நேற்று, சர்க்கரை இறங்குகிறதென்று லூப் இன்சுலினை நிறுத்திவைத்திருந்த நேரத்தில் அறுந்தது. அரைமணியில் அந்த உத்தரவு முடிந்து, பம்ப் வழக்கமான பேசல் (basal, தொடர்ந்து சொட்டும் அடிப்படை இன்சுலின்) அளவுக்குத் திரும்பிவிட்டது. விரல் குத்திப் பார்த்தால் சர்க்கரை 3.3 mmol/L, ரொம்பத் தாழ்வு. தலையணை நனைய வியர்வை. ஜூஸ் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரி ஆப்டிமைசேஷன் நிறுத்தியாச்சு, பம்பைப் போனோடு மறுபடி இணைத்து (pair) பார்த்தாச்சு, பம்ப் பேட்டரியும் புதுசு. போன் தலைமாட்டில்தான்.

பம்ப் கிடைக்காதபோது போனின் புளூடூத்தை ஒருமுறை அணைத்துப் போடும் ‘புளூடூத் வாட்ச்டாக்’ வசதியை ஆன் செய்தால் சென்சார் இணைப்பும் சேர்ந்து அறுமா, வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன்?