நான்கு வயது மகளுடன் டிசம்பரில் வியன்னா: எந்த நாட்கள், எத்தனை இரவுகள்?

வெள்ளவத்தை வாசகி:

வணக்கம். என் கணவருக்கு டிசம்பர் 17, 18ஆம் திகதிகளில் வியன்னாவில் அலுவலகக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவருடன் நானும் நான்கு வயது மகளும் போய், நத்தார் காலத்து நகரத்தைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டு வரலாம் என்று யோசிக்கிறோம். மகள் இதுவரை இலங்கையை விட்டு வெளியே போனதில்லை. நுவரெலியாவில் ஓர் இரவு தங்கியதுதான் அவள் அறிந்த குளிர்.

கூட்டத்தை ஒட்டி மூன்று இரவுகள் போதுமா, அல்லது நத்தார் தினத்தையும் அங்கேயே கழிக்கும்படி 26ஆம் திகதி வரை நீட்டுவதா என்பது என் முதற் கேள்வி. வழக்கமாக இரவு எட்டரைக்கு உறங்கிவிடும் பிள்ளையை மாலையில் நத்தார் சந்தைகளுக்குக் கூட்டிச் செல்ல முடியுமா என்பது இரண்டாவது. மார்கழி பிறந்த பின் எங்கள் வீட்டில் மரக்கறி உணவுதான், மகளுக்கு மட்டும் முட்டை கொடுப்போம். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம்? குளிர் உடைகளைக் கொழும்பிலேயே வாங்குவதா, அங்கே போய் வாங்குவதா? “பிள்ளையைப் பனிக்குள் கொண்டுபோய் வருத்தம் வரப்பண்ணாதே” என்று என் அம்மா நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிறு பிள்ளையோடு போய் வந்தவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

தெஹிவளைத் தாய்:

சகோதரி, நாங்கள் இரண்டு வருடங்களுக்கு முன் இதே மாதத்தில் மூன்றரை வயது மகனோடு வியன்னாவுக்குப் போய் வந்தோம். குளிரை ஒருவாறு சமாளித்துவிட்டோம். நேர வித்தியாசத்தில்தான் தடுமாறினோம். குளிர்காலத்தில் கொழும்பு நேரம் வியன்னா நேரத்தை விட நாலரை மணித்தியாலம் முந்தியது. உங்கள் மகள் உறங்கும் எட்டரை மணி அங்கே மாலை நாலு மணி. டிசம்பர் நடுப்பகுதியில் வியன்னாவில் சூரியன் மறைவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். ஆகவே சந்தைகளில் விளக்குகள் அழகாகத் தெரியத் தொடங்கும் வேளையில் பிள்ளை தோளில் சாய்ந்துவிடும். இதை யோசியாமல் முதல் நாள் நகரசபை முன்றலிலுள்ள பெரிய சந்தைக்கு மாலை ஐந்தரைக்குப் போனோம். கூட்டம் நெருக்கியடித்த அந்த இடத்தில் மகன் அழுத அழுகையை நினைத்தால் இப்போதும் மனம் நோகிறது. அவனுக்கு அது இரவு பத்து மணி; அவனில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து ஒழுங்கை மாற்றினோம். நண்பகலில் அறைக்குத் திரும்பி இரண்டு மணித்தியாலம் உறங்க வைத்தோம். மூன்றரைக்குச் சந்தைக்குப் போய், வெளிச்சம் குறையக் குறைய விளக்குகள் துலங்குவதைப் பார்த்து, ராட்டினத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கூட்டம் திரளுமுன் ஐந்தேகாலுக்குப் புறப்பட்டுவிடுவோம். ஒரு நாளைக்கு ஒரு சந்தை, அதற்கு மேல் இல்லை. கோடையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் ஊரில் இப்படிச் செய்ய முடியாது. நாலு மணிக்கே இருட்டிவிடுவதால்தான் சிறு பிள்ளைக்கு விளக்கு அலங்காரம் முழுவதும் கிடைக்கிறது. எங்கள் மகன் ஆறு மணிக்கு உறங்கி, விடியப்புறம் மூன்று மணிக்கு, திருவெம்பாவைக்கு எழுப்பினாற்போல, எழுந்து உட்கார்ந்துவிடுவான். அந்த வேளையில் எந்த விடுதியிலும் காலை உணவு கிடைக்காது. ஆகவே சமையலறையுள்ள சிறிய அடுக்குமாடி வீடு ஒன்றையே எடுங்கள். மூன்று மணிக்குச் சோறு வடிக்க முடிந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் போல அவனுடைய உறக்கம் தள்ளிப்போய், நான்காம் நாள்தான் வியன்னா நேரத்துக்கு வந்தான். மூன்று இரவுகள் மட்டும் தங்கினால் பிள்ளை தெளியும் அன்றே விமானம் ஏற வேண்டியிருக்கும். ஐந்து இரவுகளுக்குக் குறைய வேண்டாம்.

பகலில் எங்கே போவது என்று கேட்டால், முதலில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சொல்வேன். டைனோசர் கூடத்திலிருந்து எங்கள் மகனை வெளியே கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. 19 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இலவசம், செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். அதன் வாசலுக்கு நேரே, மரியா தெரேசியா சதுக்கத்திலேயே ஒரு நத்தார் சந்தை நடப்பதால், உறக்கம் முடிந்து வரும் பிள்ளையைக் குளிர் அதிகமானதும் மீண்டும் உள்ளே கூட்டிப் போகலாம். இரண்டாவதாக, ஷோன்புரூன் மாளிகைத் தோட்டத்திலுள்ள விலங்கியல் பூங்கா. 1752இல் தொடங்கிய அது இன்றும் இயங்கும் பூங்காக்களில் உலகிலேயே மிகப் பழையது. அங்கே மழைக்காடு போல அமைத்த கண்ணாடி மண்டபத்துக்குள் நுழைந்ததும் நம்முடைய ஊர்ப் புழுக்கம் முகத்தில் அடிக்கிறது. மூன்று சட்டைகளையும் கழற்றிவிட்டு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். மாளிகை முற்றத்திலும் சந்தை உண்டு. பிராட்டர் கேளிக்கைப் பூங்காவில் 1897இல் கட்டிய இராட்சதச் சக்கரத்தின் பெட்டிகள் மூடியவை என்பதால் காற்றடிக்கும் நாளிலும் ஏறலாம்.

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நகரப் போக்குவரத்துக் கட்டணம் இல்லை. மகள் நன்றாக நடப்பவளாக இருந்தாலும் தள்ளுவண்டியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். நிலக்கீழ் ரயில் நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது.

கொட்டாஞ்சேனை வாசகர்:

திகதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் சகோதரியின் குடும்பத்தோடு ஒரு நத்தாரை அங்கே கழித்தவன் நான். வெளியூரிலிருந்து போகிறவருக்கு 24ஆம் திகதி பின்னேரம் நகரம் கதவைச் சாத்திக்கொண்டதுபோல இருக்கும். கடைகள் பிற்பகல் இரண்டு மணியோடு மூடிவிடும். 25, 26 இரண்டும் பொது விடுமுறை. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில கடைகளைத் தவிர மளிகைச் சாமான் வாங்க இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதே நிலைமைதான் என்பதால் சனிக்கிழமையே பால், பாண், பழங்களை வாங்கி வைத்துவிட வேண்டும். சந்தைகளில் சில 24ஆம் திகதிக்கு முன்னரே கலைந்துவிடுகின்றன. அந்த மக்களுக்கு நத்தார் வீட்டுக்குள் கொண்டாடும் திருநாள். உறவினர் வீடு இருந்தால் அது மிக இனிமையான இரவு, இல்லாவிட்டால் பிள்ளையோடு அறைக்குள் இருக்க வேண்டிவரும். ஆகவே 16ஆம் திகதி போய் 21 அல்லது 22இல் திரும்பிவிடுங்கள். 24ஆம் திகதி இரவு எங்கள் புனித லூசியா பேராலயத்துப் பக்கம் மகளைக் கூட்டி வாருங்கள். வியன்னாவில் பார்த்ததையும் கொட்டாஞ்சேனையில் பார்ப்பதையும் ஒரே வாரத்தில் ஒப்பிட்டுப் பேச அவளுக்கு நிறைய இருக்கும்.

பிள்ளைக்கு முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வையுங்கள். அங்கே வழக்கப்படி பரிசு கொண்டுவருபவர் நத்தார் தாத்தா அல்லர், குழந்தை இயேசுதான். சந்தையின் ஜெர்மன் பெயரிலேயே அந்தக் குழந்தை இருக்கிறது. பரிசு வைப்பதும் 24ஆம் திகதி மாலையில். டிசம்பர் 5ஆம் திகதியை ஒட்டிக் கொம்பும் உரோமமும் வைத்த கிராம்புஸ் என்ற பூத வேடக்காரர்கள் தெருவில் வருவார்கள். என் மருமகள் அவர்களைக் கண்டு இரண்டு இரவுகள் உறங்கவில்லை. நீங்கள் போகும் நாட்களில் அந்தத் தொல்லை இருக்காது.

குழந்தைகள் விடுதித் தாதி:

உங்கள் அம்மாவுக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் பிள்ளைகளின் தடிமன் பெரும்பாலும் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் வைரசால் வருகிறது. குளிர்காற்றுக்கு அஞ்சுவதைவிட, கைகளைக் கழுவுவதிலும் நெரிசலான மூடிய இடங்களில் குறைவாக நிற்பதிலும் கவனம் வையுங்கள்.

டிசம்பரில் வியன்னாவின் வெப்பநிலை பெரும்பாலும் பூச்சியத்தைச் சுற்றியே நிற்கும். ஒரே தடித்த ஜக்கட்டை நம்பாமல் அடுக்கடுக்காக உடுத்துங்கள். உடம்போடு ஒட்டிய உள்ளுடை பருத்தியாக இருக்கக் கூடாது; ஓடி விளையாடி வியர்த்தால் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரச் செய்யும். கம்பளி அல்லது அதற்கென நெய்த உள்ளுடை, அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத ஜக்கட். தள்ளுவண்டியில் அசையாமல் இருக்கும் பிள்ளைக்கு, அதைத் தள்ளி நடக்கும் உங்களைவிட ஓர் அடுக்குக் கூடுதலாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கை குளிர்ந்திருக்கிறதே என்று பதறாமல், பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள்: இளஞ்சூடாக இருந்தால் போதும், வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் மேலுடையைக் கழற்றிவிட வேண்டும். கன்னத்திலும் உதட்டிலும் வசிலின் பூசுங்கள்.

ஜக்கட்டைக் கொழும்பிலேயே வாங்கலாம். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய குளிர் உடைகளை விற்கும் கடைகளில் நல்லவை கிடைக்கின்றன. சப்பாத்தை மட்டும் அங்கே வாங்குவது நல்லது. தடித்த காலுறை போட்ட பின்னும் விரல்களை அசைக்க இடமிருக்க வேண்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் கால் விரைவில் விறைத்துவிடும். போவதற்கு முன் ஒரு வார இறுதியில் நுவரெலியாவுக்குப் போய் எல்லாவற்றையும் உடுத்திப் பாருங்கள். கையுறை போட மறுக்கும் பிள்ளையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். வழக்கமான பனடோல் பாணியையும் வெப்பமானியையும் கைப்பையில் வையுங்கள். ஒஸ்ரியாவில் அவசர மருத்துவ உதவிக்கான இலக்கம் 144.

பம்பலப்பிட்டித் தந்தை:

விசா பற்றி யாரும் சொல்லவில்லை. ஒஸ்ரியா உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. டிசம்பர்ப் பயணத்துக்குச் செப்டெம்பரிலேயே நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இல்லை. ஆனால் பிள்ளைக்கும் தனி விண்ணப்பமும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். குளிர் உடைகளை விமானத்தில் கையோடு வைத்திருங்கள். எங்கள் பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தபோது, விமான நிலைய வாசலில் பிள்ளையை என்னுடைய சட்டைக்குள் சுற்றிக்கொண்டு நின்றேன்.

வெள்ளவத்தை வாசகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 16ஆம் திகதி போய் 22ஆம் திகதி திரும்புவது என்று இன்று இருவரும் முடிவு செய்தோம். தாதி அவர்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நுவரெலியாப் பயணத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாப்பாடு ஒன்றுதான் மிச்சம். கணவர் கூட்டத்துக்குப் போகும் இரண்டு நாட்களும் நானும் மகளும் தனியாக இருப்போம் என்பதால், சந்தையில் அவளுக்கு எதை நம்பி வாங்கிக் கொடுக்கலாம்?

தெஹிவளைத் தாய்:

சுட்ட கஷ்கொட்டையும் சுட்ட உருளைக்கிழங்கும் விற்கும் சிறு அடுப்புக்கடைகள் தெருவெங்கும் இருக்கும். மகன் அவற்றை விரும்பிச் சாப்பிட்டான். துருவிய உருளைக்கிழங்கில் தட்டிப் பொரிக்கும் அடை போன்ற பண்டமும் நல்லது. ஆனால் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு கடையிலும் கேளுங்கள், சிலவேளை பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். சந்தையில் சூடாக விற்கும் புன்ஷ் என்ற பானத்தில் மதுசாரம் உண்டு. பிள்ளைக்கு “கிண்டர்புன்ஷ்” என்று கேட்டு வாங்க வேண்டும்; அது பழச்சாறும் வாசனைத் திரவியங்களும் சேர்ந்தது. கோப்பைக்கு முற்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும்.

அரிசியும் பருப்பும் இங்கிருந்தே கொஞ்சம் கொண்டுபோங்கள். இறைச்சி, பால் சேர்ந்த உணவுகளை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் நெய்ப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தனியாக இருக்கும் இரண்டு நாட்களில் முதல் நாளை விலங்கியல் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். மழைக்காட்டு மண்டபத்துக்குள் அவள் கழற்றித் தரும் உடுப்புகளை வைக்க ஒரு பெரிய துணிப்பை மறக்காமல் எடுத்துப் போங்கள்.