கிராஸ் டிரெய்னர் மாட்டும்போது இடது பெடல் போல்ட் மரை பிடிக்கவில்லை, டென்ஷன் நாப்பும் வேலை செய்யவில்லை

தென்திசை:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு வாங்கின எலிப்டிகல் கிராஸ் டிரெய்னர் (நின்னபடியே மிதிக்கிற உடற்பயிற்சி மெஷின்) மாட்டுற வேலை பாதியில நிக்குது. காந்த ரெசிஸ்டன்ஸ், 8 லெவல், 6 கிலோ ஃப்ளைவீல் (உள்ள சுத்துற கனமான சக்கரம்). முன்னாடி பின்னாடி ஸ்டெபிலைசர் (தரையில உட்கார்ற குறுக்குக் குழாய்) மாட்டியாச்சு, நடுக்கம்பமும் ஏத்தியாச்சு. வலது பெடல் போல்ட் கையாலேயே சுலபமா ஏறிடுச்சு. இடது பக்கம் அரைச் சுற்று கூடப் பிடிக்கல. ஸ்பானர் போட்டு அழுத்தித் திருகலாமா?

மிதிக்கிற கனத்தைக் கூட்டிக் குறைக்கிற டென்ஷன் நாப்பை 1-ல வச்சாலும் 8-ல வச்சாலும் கனம் மாறல. அலை மாதிரி வளைஞ்ச மெல்லிய வாஷர் ரெண்டு பையில மிச்சம் இருக்கு, எங்க போடணும்னு புத்தகத்துல படம் தெளிவா இல்ல.

மூணாவது மாடி ஃப்ளாட், வழவழப்பான டைல்ஸ் தரை. ஹால்ல வைக்கவா, பால்கனியில வைக்கவா? அம்மாவும் பயன்படுத்தப் போறாங்க. வயசு 62, முழங்கால் தேய்மானம் ஆரம்ப நிலை. டாக்டர் இந்த மெஷினுக்குச் சரின்னு சொல்லிட்டார். எப்படி ஆரம்பிக்கணும்னும் சொல்லுங்க.

---

மரைக்காரன்:

முதல்ல அந்த ஸ்பானரைக் கீழ வைங்க. இடது பக்கம் இருக்கிறது லெஃப்ட் மரை. சைக்கிள் இடது பெடல் மாதிரியேதான், எதிர்த் திசையில திருப்பினாதான் இறுகும். மிதிக்கிற விசை ஒவ்வொரு சுற்றுக்கும் போல்ட்டை மயிரிழை அளவு திருப்பும். இடது பக்கம் சாதாரண மரை வச்சா, அந்தத் திருப்பல் கழலுற பக்கமா போய் ஒரு மாசத்துல பெடல் ஆட ஆரம்பிச்சிடும். அதுக்காகவே இப்படிச் செய்யுறாங்க.

போல்ட் தலையிலயோ மரையோட நுனியிலயோ எல், ஆர் எழுத்து குத்தியிருக்கும். கிராங்க்லயும் (அச்சுல மாட்டி பெடலோட சேர்ந்து சுத்துற இரும்புக் கை) ஸ்டிக்கர் இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. நைலான் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்கிற நட்டு) தனியா வர்ற மாடல்னா இடது நட்டும் லெஃப்ட் மரைதான். வலது நட்டை இதுல போட்டா ஏறவே ஏறாது.

ஏத்துற விதம் இது: போல்ட்டை ஓட்டையில நேரா வச்சு, முதல்ல கடிகார முள் திசையில, அதாவது கழட்டுற பக்கமா, மெதுவா உருட்டுங்க. ஒரு இடத்துல 'டிக்'னு சின்னதா இறங்கும். மரையோட வாய் அங்கதான் இருக்கு. அங்கிருந்து எதிர்த் திசையில விரலாலேயே மூணு நாலு சுற்று ஏத்துங்க. விரலால மூணு சுற்று ஏறின பிறகுதான் ஸ்பானர். விரலால ஏறலன்னா கோணலா நிக்குதுன்னு அர்த்தம். பெடல் குழாயோட எடை போல்ட்டைக் கீழ இழுக்கும், அதனால இன்னொருத்தர் குழாயைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும். தனியா செய்யுறவங்க கெடுக்குறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

இதுவரைக்கும் ஸ்பானர்ல ஒரு தடவையாவது இழுத்திருந்தா, ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளித்தூள் மாதிரி உதிர்ந்திருந்தா மரை முனை மடங்கியிருக்கு. ஒரு மரை மட்டும் போயிருந்தா, அதே அளவு லெஃப்ட் டேப் (மரை வெட்டுற கருவி) வச்சிருக்கிற லேத் பட்டறையில ஓட்டித் தருவாங்க. சாதாரண டேப்பை விட்டுடாதீங்க, இருக்கிற மரையும் போயிடும்.

அந்த அலை வாஷர் மிச்சமே இருக்கக் கூடாது. பெடல் குழாய் கிராங்க்ல சேர்ற மூட்டுல, குழாய்க்கும் கிராங்க்குக்கும் நடுவுல ஒண்ணு ஒண்ணு போகணும். பக்கவாட்டு ஆட்டத்தை அது ஸ்பிரிங் மாதிரி வாங்கிக்கும். விட்டுட்டா காலை மாத்தி மாத்தி வைக்கும்போது 'டக் டக்'னு அடிக்கும். வலது போல்ட்டையும் கழட்டிப் போட்டுடுங்க. மாட்டும்போது போல்ட்டோட வழவழப்பான பகுதியில பட்டாணி அளவு வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவுங்க. மரையில வேண்டாம்.

கம்பத்தைச் சுத்தி இருக்கிற போல்ட்டுக்கு வர்ற வாஷர் தட்டையா இல்லாம வளைஞ்சிருக்கும். குழிவான பக்கம் குழாயைப் பார்த்து உட்காரணும். எல்லா போல்ட்டையும் விரலால ஏத்தி, கைப்பிடி, பெடல் எல்லாம் மாட்டி முடிச்ச பிறகு கடைசியா மொத்தமா இறுக்குங்க. ஒண்ணை முன்னாடியே இறுக்கிட்டா மத்த ஓட்டை நேர்கோட்டுக்கு வராது.

இன்னொரு விஷயம், பாதிப் போல்ட்டுகள் பையில இருக்காது. ஃப்ரேம்லயே அந்தந்த ஓட்டையில முன்கூட்டியே திருகி வச்சிருப்பாங்க. 'போல்ட் குறையுது'ன்னு கடைக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி அங்க பாருங்க.

---

கம்பிவலை:

டென்ஷன் பற்றி நான் சொல்கிறேன். நாப்பிலிருந்து வரும் மேல் கேபிளும் ஃப்ளைவீல் பக்கமிருந்து வரும் கீழ் கேபிளும் கம்பத்துக்குள் சந்திக்கும். கனம் மாறவில்லையென்றால் இரண்டும் கொக்கி போடவில்லை, அல்லது கம்பம் ஏற்றும்போது ஏதோ ஒன்று நசுங்கியிருக்கிறது.

கம்பத்தை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. போல்ட்டுகளை எடுத்துவிட்டு இருவர் பிடித்து நான்கு அங்குலம் தூக்கினால் போதும். நாப்பை 1-க்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் மேல் கேபிள் முழு நீளம் வெளியே வந்திருக்கும். மேல் கேபிளின் நுனியில் உள்ள சிறு உருண்டையைக் கீழ் கேபிளின் கொக்கியில் மாட்டி, மேல் நோக்கி இழுத்து, கேபிளின் உறையைக் கீழ் கேபிளோடு வரும் உலோகத் தகட்டின் பிளவுக்குள் நுழைத்து அமர்த்துங்கள். பலர் உருண்டையை மட்டும் மாட்டிவிட்டு உறையைப் பிளவில் உட்காரவைக்க மறந்துவிடுகிறார்கள். அப்படி விட்டால் நாப்பைத் திருகும்போது உறையும் சேர்ந்தே நகர்கிறது. காந்தம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உங்கள் நிலை அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கம்பத்தை இறக்கும் முன் நாப்பை 1-லிருந்து 8 வரை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஃப்ளைவீலை மூடியிருக்கும் உறைப்பெட்டிக்குள் காந்தப் பிடி ஃப்ளைவீலை நெருங்குவது கையால் கிராங்கைச் சுற்றும்போது தெரியும். சென்சார் வயரின் பிளக்கையும் அப்போதே 'கிளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். அது சரியாக அமரவில்லையென்றால் திரையில் வேகம் 0 என்றே நிற்கும். பேட்டரி மாற்றிப் பயனில்லை. இறக்கும்போது மிச்ச வயரை மேலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டே இறக்குங்கள். கம்பத்தின் விளிம்பில் வயர் மாட்டி அறுவதுதான் மிக அதிகமாக நடக்கும் சேதம்.

கைப்பிடி சரியாக மாட்டியிருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை: இடது பெடல் முன்னே போகும்போது இடது கைப்பிடியின் மேல்முனை உங்களை நோக்கிப் பின்னே வர வேண்டும். நடக்கும்போது கை வீசுவது போல. இடமும் வலமும் மாறியிருந்தால் பிடிகள் உள்நோக்கி வளைந்து திரையை உரசும்.

---

தாம்பரம்வாசி:

பால்கனி வேண்டவே வேண்டாம். மழைநீர் ஓட பால்கனித் தரையில் சரிவு விட்டிருப்பார்கள். அந்தச் சரிவில் மெஷின் என்றைக்குமே சமமாக நிற்காது. கடல் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் கம்பத்தின் உட்புறமும் போல்ட் தலைகளும்தான் முதலில் துருப்பிடிக்கும்.

ஹாலில் வைக்கும்போது மேலே பாருங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே கூடாது. பெடல் சுற்றின் உச்சியில் இருக்கும்போது தரையிலிருந்து அதன் உயரம் எவ்வளவு என்று டேப்பால் அளந்து, வீட்டிலேயே உயரமானவரின் உயரத்தோடு கூட்டுங்கள். 178 செ.மீ. ஆளும் 45 செ.மீ. பெடலும் என்றால் 223 செ.மீ. அதற்கு மேல் ஓரடியாவது வெறும் இடம் வேண்டும். லாஃப்ட் ஓரமும் கணக்கில் வரும்.

டைல்ஸில் அப்படியே வைத்தால் மெல்ல மெல்ல நகரும். 6 முதல் 8 மி.மீ. தடிமனுள்ள கெட்டி ரப்பர் மேட் போடுங்கள். குழந்தைகள் விளையாடும் புதிர்த்துண்டு ஃபோம் மேட் அமுங்கி ஆட்டத்தை அதிகப்படுத்தும். காந்த மெஷினில் சத்தம் குறைவுதான். கீழ்வீட்டுக்குப் போவது நான்கு காலில் ஒன்று தரையைத் தொடாமல் தட்டுகிற அதிர்வு. பின் ஸ்டெபிலைசரின் இரு முனை மூடிகளையும் திருப்பிப் பாருங்கள். பல மாடல்களில் அவை மையம் விலகிய வட்டம், திருப்பினால் உயரம் கூடும் குறையும். ஒரு மூலையின் கீழ் தாளைச் செருகிப் பாருங்கள், உள்ளே போனால் அந்த மூலை தொங்குகிறது.

---

தென்திசை:

ரொம்ப நன்றி. இடது போல்ட் விரலாலேயே ஏறிடுச்சு, மரைக்கு ஒண்ணும் ஆகல. உறை பிளவுல உட்காரலங்கிறதும் சரிதான், இப்ப 8-ல நல்லாவே கனக்குது. அலை வாஷரும் ரெண்டு பக்கமும் போட்டாச்சு. ஆனா மிதிக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டொக்'னு வருது. ஆள் ஏறாம கையால சுத்தினா வரல. போல்ட்டுக்கெல்லாம் த்ரெட்லாக்கர் (மரை கழலாம பிடிக்கிற பசை) போடச் சொல்றாங்களே, போடலாமா?

---

மரைக்காரன்:

சுற்றுக்கு ஒருமுறை, அதுவும் எடை ஏறினா மட்டும் வருதுன்னா கிராங்க் பக்கம்தான். கைப்பிடி மூட்டுலேர்ந்து வந்தா முன்னே போகும்போது ஒண்ணு, பின்னே வரும்போது ஒண்ணுன்னு ரெண்டு தடவை கேட்கும். புஷ் (மூட்டுக்குள்ள போல்ட்டைச் சுத்தி இருக்கிற வளையம்) காய்ஞ்சிருந்தா 'கீச்'சுன்னு இழுக்கும், 'டொக்'னு அடிக்காது.

கிராங்க் நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழட்டுங்க. உள்ள அச்சு நட்டு தெரியும். தொழிற்சாலையில மாட்டினதுதானேன்னு இதை யாரும் தொடுறதில்ல. பெட்டியில குலுங்கி வரும்போது இது தளர்றது உண்டு. பாக்ஸ் ஸ்பானர் போட்டு நல்லா இறுக்குங்க. இதைத் தளர்வோட ரெண்டு வாரம் ஓட்டினா கிராங்க்கோட ஓட்டை அகண்டு போயிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது, கிராங்க்கையே மாத்தணும். அதனால சத்தத்தோட மிதிக்காதீங்க.

த்ரெட்லாக்கர் எல்லாத்துக்கும் வேண்டாம். நைலான் நட்டு தானே பிடிச்சுக்கும். பிளாஸ்டிக் மூடி, புஷ் பக்கத்துல அந்த திரவம் பட்டா சில பிளாஸ்டிக்ல விரிசல் விழும். திரும்பத் திரும்பத் தளர்ற உலோகப் போல்ட் ஒண்ணு இருந்தா, அதுக்கு மட்டும் நீல நிறம் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், சூடுபடுத்தாம கழட்ட முடியாது.

முதல் வாரக் கடைசியில ஒருமுறை எல்லாப் போல்ட்டையும் இறுக்கிப் பாருங்க. அப்புறம் மாசம் ஒருமுறை. மூணு மாசத்துக்கு ஒருமுறை மூட்டுப் போல்ட்டை உருவி, பழைய கிரீஸைத் துணியால துடைச்சுட்டு புதுசு போடணும். டபிள்யூடி-40 மாதிரி ஸ்ப்ரேயை மூட்டுல அடிக்காதீங்க. அது உள்ள இருக்கிற கிரீஸைக் கரைச்சுடும். ரெண்டு நாள் அமைதியா இருந்துட்டு முன்னைவிட மோசமா கத்தும்.

---

மூட்டுநலம்:

நான் பிசியோதெரபிஸ்ட். அம்மாவைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

இந்த மெஷினில் மிதிப்பதைவிட ஏறுவதும் இறங்குவதும்தான் ஆபத்து. ஏறும் பக்கத்துப் பெடலைக் கையால் சுற்றி அடிமட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆடாத நடுக் கைப்பிடியை இரு கையாலும் பிடித்து, அந்தத் தாழ்ந்த பெடலில் முதலில் ஒரு காலை வைத்து எடையை ஏற்றி, பிறகுதான் மறுகால். உயர்ந்த பெடலில் முதலில் கால் வைத்தால் அது சட்டென்று கீழே இறங்கிவிடும், விழுவது அப்படித்தான். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் மிதிப்பதை நிறுத்தினாலும் ஃப்ளைவீலின் வேகத்தில் பெடல் சுற்றிக்கொண்டேயிருக்கும். அது முழுதாக நின்ற பிறகே இறங்க வேண்டும். முதல் சில நாட்கள் பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள்.

முதல் வாரம் லெவல் 1 அல்லது 2, ஐந்து நிமிடம் மட்டும், காலை ஒருமுறை மாலை ஒருமுறை, ஒருநாள் விட்டு ஒருநாள். வலி கூடவில்லையென்றால் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டிரண்டு நிமிடமாக நேரத்தைக் கூட்டுங்கள். தொடர்ந்து இருபது நிமிடம் வந்த பிறகு கனத்தைத் தொடலாம். நேரத்தையும் கனத்தையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். மிதிக்கும்போது லேசான வலி இருந்து அன்றே அடங்கினால் பரவாயில்லை. மறுநாள் காலையும் வலித்தாலோ முழங்கால் வீங்கினாலோ முந்தைய அளவுக்கு இறங்குங்கள். பின்னோக்கி மிதிப்பது தொடையின் முன்தசைக்கு அதிக வேலை கொடுக்கும், முட்டிச் சில்லில் வலி உள்ளவர்களுக்கு ஆரம்பத்தில் வேண்டாம்.

பாதம் முழுதும் பெடலில் பதிய வேண்டும். குதிகாலைத் தூக்கி முன்பாதத்திலேயே நின்றால் பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். முழங்கால் உள்நோக்கிச் சரியாமல் இரண்டாம் விரலுக்கு நேராகப் போகிறதா என்று எதிரே நின்று கவனியுங்கள். கைப்பிடியில் சாய்ந்து தொங்கக் கூடாது.

இதயத்துடிப்புக்கு 220-இல் வயதைக் கழிப்பது ஒரு தோராயக் கணக்கு. 62 வயதுக்கு 158, அதில் 50 முதல் 70 சதவீதம் என்றால் 79 முதல் 111. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருந்து துடிப்பையே குறைத்து வைக்கும். அவர்களுக்கும் பொருந்தும் எளிய அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. திரையில் வரும் கலோரியை நம்ப வேண்டாம், எடையைக் கேட்காத மெஷினால் அதைச் சரியாகச் சொல்ல முடியாது. பழகிய பிறகு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை இலக்காக வைக்கலாம். நடைப்பயிற்சியும் அதில் சேரும்.

உடை பற்றியும் சொல்லியாக வேண்டும். சேலை, நைட்டி, துப்பட்டா எதுவும் கூடாது. பெடல் குழாயும் கிராங்கும் சந்திக்கும் இடம் கத்தரிக்கோல் போல மூடித் திறக்கும், முந்தானை அங்கே போனால் ஆளையே இழுத்துவிடும். கணுக்காலில் ஒட்டி நிற்கும் பேன்ட், சட்டை, பின்புறம் மூடிய ஷூ. வெறுங்காலில் வேண்டாம்.

---

தாம்பரம்வாசி:

மேடம் சொன்ன அந்த இடத்தில்தான் குழந்தைகளின் விரலும் போகும். வீட்டில் சிறுவர்கள் இருந்தால், பயன்படுத்தாத நேரத்தில் கிராங்கையும் ஃப்ரேமையும் சேர்த்து ஒரு நைலான் பட்டையால் கட்டி வையுங்கள். ஒரு பெடலைக் குழந்தை தள்ளினாலே மறுபக்கம் அசையும், விரல் மாட்டுவது அந்த மறுபக்கத்தில்தான்.

---

தென்திசை:

அச்சு நட்டுதான். கால் சுற்றுக்கு மேல இறுகிச்சு, சத்தம் போயிடுச்சு. அக்கா பையன் வார இறுதியில வருவான், பட்டை வாங்கிடுறேன். அம்மாவுக்கு நாளைக்குக் காலையில முதல் ஐந்து நிமிடம், லெவல் 1.