சிறுநீரகக் கட்டியை ஊசியால் சுடும் பயிற்சி: எங்கே படிக்கலாம்?

வணக்கம். வன்னியில் வேலை செய்யும் கதிரியக்க வைத்தியர் நான். பயொப்சி, வடிகுழாய் எல்லாம் கை பழகிவிட்டது. சிறுநீரகக் கட்டிக்குள் ஊசி செலுத்தி, சூட்டால் அதை அழிப்பதை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி.

3 சென்ரிமீற்றருக்குள், வெளிப்புறமாக இருக்கிற கட்டி என்றால் பெரிய பயமில்லை. குடலோ சிறுநீர்க்குழாயோ ஒட்டிக் கிடந்தால்தான் சிக்கல். ரேடியோ அலையால் சுடும்போது குடலை விலக்க சேலைன் (உப்புக் கரைசல்) விடக் கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தும். 5 சதவீத டெக்ஸ்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) தான் விட வேண்டும். இதெல்லாம் படித்தாயிற்று. ஊசி போகும் கோணம் படித்து வராதே!

மாதிரி உருவில் கைப்பயிற்சி தரும் வகுப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொழும்பு என்றால் இரவு பஸ் ஏறிவிடுவேன், சென்னையும் பரவாயில்லை. ஆனால் லீவு மூன்று நாள்தான். ஒன்லைன் என்றால் இரவு ஒன்பதுக்குப் பிறகு. கட்டியை ஆர்கன் வாயுவால் உறைய வைத்து அழிக்கும் முறை இப்போதைக்கு வேண்டாம். ஆர்கன் சிலிண்டருக்கு நான் எங்கே போவது?